வலதுபக்கத்து ஹெட்லைட்

போன புதன்கிழமை மாலை எங்கள் காரின் வலதுபக்கத்து ஹெட்லைட் அணைந்துவிட்டது. பழைய ஜப்பான் கார். வெள்ளவத்தையில் ஆயிரம் கார்கள் ஒற்றைக் கண்ணோடு ஓடவில்லையா? நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

மாலதி ஒத்துக்கொள்ளவில்லை. அவள்தான் என் மனைவி. வீட்டில் கார் ஓட்டுகிறவளும் அவள்தான். எங்கள் கட்டடத்து மேல்மாடியில் தனியே இருக்கும் புஷ்பம் அக்காவை டயலிசிஸுக்காகப் பொரளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவள். மறுநாள் விடியற்காலை அக்காவின் முறை இருந்தது. இருட்டோடு புறப்பட வேண்டும்.

“ஒரு ஓட்டோ பிடிச்சா என்ன?”

“திரும்பி வரேக்க அவவுக்குத் தலை சுத்தும். ஓட்டோவில இருக்க ஏலாது.”

பொனட்டைத் திறந்து, பழைய பல்பைத் தானே கழற்றி, டிஷ்யூவில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். நான் டோர்ச் பிடித்தேன்.

முதல் கடை காலி வீதியில். கடைக்காரர் ஒரு பல்பை நீட்டினார். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் போலத்தான். ஆனால் அடிவளையத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தகட்டுக் காதுகள் மட்டும் கொஞ்சம் வேறு. கடை வாசலிலேயே பொருத்திப் பார்த்தாள். உட்காரவில்லை.

“கொஞ்சம் அமத்துங்கோ அக்கா, இருக்கும்.”

“இருக்கும் தம்பி. ஆனா வெளிச்சம் ரோட்டுக்குப் போகாது, மரத்துக்குப் போகும்.”

அடுத்து, நகரின் மறுகோடியில் கொட்டாஞ்சேனை. மாலை நேர டிராஃபிக்கில்! அங்கே கடை மூடும் நேரம். அந்தக் கடைக்காரர் வெள்ளை எல்ஈடி ஒன்றை எரித்துக் காட்டினார். எனக்குக் கண் கூசியது.

“இதப் போட்டா ராத்திரியும் பகல் மாதிரித்தான் மெடம்.”

“எனக்குப் பகல். எதிர வாற ஆளுக்கு?”

அவர் எல்ஈடியை அணைத்தார். பழைய பல்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய்ப் பெட்டிகளை உருட்டினார். கடைசியில் அதே காதுகளோடு, அதே மஞ்சள் வெளிச்சத்தோடு ஒன்று வந்தது. கண்ணாடியில் விரல் படாமல் டிஷ்யூவால் பிடித்து, மாலதி அதை உள்ளே தள்ளினாள். ‘கிளிக்’ என்றொரு சத்தம். கடைக்காரர் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, எதிர்ச் சுவரில் இரண்டு வெளிச்சமும் ஒரே உயரத்தில் விழுகிறதா என்று பார்த்துச் சொன்னார்.

திரும்பும் வழியில் மாலதி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்.

“இந்த அலைச்சலை அக்காவுக்குச் சொல்ல வேண்டாம். சொன்னா, எங்களுக்குக் கரைச்சல் குடுக்கிறன் எண்டு நினைச்சு டயலிசிஸுக்குப் போறதையே விட்டுடுவா.”

முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தும், ஒருவரை நாம் முழுதாகப் பார்த்து முடிப்பதில்லை போலும்.

மறுநாள் நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். ஹெவ்லொக் டவுனைத் தாண்டும்போது புஷ்பம் அக்கா வழக்கம்போலத் தொடங்கினார்.

“உங்களுக்கு ஒவ்வொரு முறையும் கரைச்சல், பிள்ளை.”

“எனக்கு எப்பிடியும் பொரளைப் பக்கம் வேலை இருக்கு அக்கா” என்றாள் மாலதி.

விடியாத நேரத்தில் பொரளையில் அப்படி என்ன வேலை என்று அக்கா கேட்கவில்லை... நான் முன்னே ரோட்டில் ஒரே உயரத்தில் விழும் இரண்டு வெளிச்சத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.