என் எக்ஸ்ரேயில் மாமாவின் விரல்கள்

என்னிடம் ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு சின்னப் பிள்ளையின் முன்கையும் எலும்பில் ஒரு கீறலும் தெரியும். ஓரத்தில், மணிக்கட்டை அழுத்திப் பிடித்தபடி, பெரிய ஆள் ஒருவரின் இரண்டு விரல் எலும்புகள். கை என்னுடையது, விரல்கள் என் தாய்மாமாவுடையவை.

புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் ஊர்ப் பக்கத்துக் குன்றான திருவண்ணாமலையில் பெருமாளைக் கும்பிட்டு இறங்கும்போது படியில் உருண்டுவிட்டேன். மடவார் வளாகத்தில் இருந்த எங்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் அம்மா என்னை நேரே ராஜபாளையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மாமாதான் எக்ஸ்ரே எடுப்பவர். கதிரைத் தடுக்க இருந்த ஒரே ஈய ஏப்ரனை அம்மாவுக்கு மாட்டி, அவள் மடியில் என்னை உட்காரவைத்து, வலது கையால் என் மணிக்கட்டை அமுக்கிக்கொண்டு இடது கையால் சுவிட்சைத் தட்டினார். "ஏட்டி, ஆடாத. ஆடுனா இன்னொரு தடவ எடுக்கணும், பிள்ளைக்கு ஆகாது." அழுகிற பிள்ளை எது வந்தாலும் அவர் பிடிப்பது அப்படித்தான். பிள்ளைக்கு ஆகாதது அவருக்கு மட்டும் ஆகுமா? கேட்க ஒரு நாதி இல்லை. நானோ எனக்கு இன்னொரு கை முளைத்துவிட்டது என்று அந்த ஃபிலிமைத் தெருவெல்லாம் காட்டிச் சிரித்தேன்.

வளர்ந்து நான் சேர்ந்த வேலையும் எக்ஸ்-கதிர் வேலைதான். செத்த நட்சத்திரங்களிலிருந்தும் கருந்துளைகளின் பக்கத்திலிருந்தும் வரும் கதிர் எந்தத் திசையில் அதிர்கிறது என்று பார்க்கும் செயற்கைக்கோள். கதிர் கருவியின் நடுவே மோதி எந்தப் பக்கம் அதிகமாகச் சிதறுகிறது என்று வாரக்கணக்காக எண்ண வேண்டும். உடம்பில் படும் கதிரை அளக்கும் மானியை நெஞ்சில் மாட்டாமல் சோதனைக்கூடத்துக்குள் நான் கால் வைத்ததே கிடையாது.

அந்தச் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனபின் லீவில் வந்து, பால்கோவாவோடு மாமா வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றுவிட்ட மனுஷர் வலது கையைத் துண்டுக்குள் சுருட்டிவைத்திருந்தார்.

"நட்சத்திரத்துலருந்து வார அம்புட்டுக் கதிரும் நம்ம தலையிலயா விழுது?"

"இல்ல மாமா, காத்து மறிச்சிரும். அதான் மேல போய்ப் பாக்கோம்."

"அப்பாடி, பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தபடி, மறந்துபோய் வலது கையைப் பால்கோவாவுக்கு நீட்டினார்.

ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. ஐயோ என்று கத்திவிட்டேன். அத்தைதான் சொன்னாள்: "புண்ணு ஆறவே இல்லத்தா. புத்துநோய்னு வெரல எடுத்துட்டாவ. அத்தன வருசக் கதிருதான்னு டாக்டர் சொன்னாரு. ராக்கெட்டு வேலையில இருக்கவ கலங்கிருவான்னு இவியதான் உன்ட்ட சொல்ல விடல." மாமாவோ, "உன் படம் ஆடலயே, ஒரே தடவையில விழுந்துச்சுல்லா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யாரைத் திட்டுவது?

வேலை பார்க்கும் பெங்களூருக்குத் திரும்பி அந்த ஃபிலிமை எடுத்து மறுபடி ஜன்னலில் பிடித்தேன். என் கை எலும்பு கூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. கீறல் இன்று என் கையில் இல்லை; அந்த இரண்டு விரல்களும் மாமாவிடம் இல்லை. ஃபிலிமில் மட்டும் அவை என் மணிக்கட்டை விடாமல் பிடித்திருக்கின்றன. படம் கொஞ்சம்கூட ஆடவில்லை.