தண்ணீர் போதும் என்றவள்

"அம்மா அமைதியாகப் போய்விட்டார்" என்று தனத்தின் மகன் நம் பழைய ஆசிரியர்கள் குழுவில் செய்தி போட்டிருந்தான். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. அவளோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்த உங்களுக்குத் தெரியும், தனம் எதையும் அமைதியாகச் செய்தவள் அல்ல.

அவள் தாவரவியல், நான் ஆங்கிலம். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, "கான்வென்ட்டு" என்பாள். கட்கியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அங்கே வாசலில் ஒரு காகிதப்பூச் செடி. யாரும் தண்ணீர் விட்டதில்லை. கோடையில் பூ மூடிச் சுவரே தெரியாது. மகன் நகரின் இன்னொரு பக்கம், பாணேரில் தன் ஒன்பதாம் மாடி வீட்டுக்கு அழைத்துக்கொண்டபோது அதில் ஒரு கொம்பை வெட்டி வந்து தொட்டியில் வைத்தாள்.

அது பூக்கவே இல்லை. மகன் நல்லவன், சிக்கலே அதுதான். சொட்டுக் குழாய், டைமர், மாதாமாதம் உரம். இலைகள் எண்ணெய் தடவியதுபோல் மின்னின.

"கீரைப்பாத்தி மாதிரி வெச்சிக்கினு பூ எங்கேன்னு கேக்குறான். போதும்டா. தண்ணியும் உரமும் தின்னுக்கினே இருந்தா இலைதான் வுடும். கொஞ்சம் காயணும், வெயில் சுடணும். அப்பதான் பூக்கணும்னு அதுக்குத் தோணும்."

காலையில் அவள் குழாயைப் பிடுங்குவாள். மாலையில் அவன் மாட்டுவான்.

ஒருமுறை குளியலறையில் வழுக்கினாள். நன்றாகக் குணமாகிவிட்டது, நடக்கச் சொன்னார் மருத்துவர். ஆனாலும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், சக்கர நாற்காலி, கதவுக்கு வெளியிலிருந்து பூட்டு. அவள் கேட்டது ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, கட்கி சந்தைக்குத் தானே போய்க் கத்திரிக்காய் வாங்க வேண்டும்.

அவளுக்காக நான் மகனிடம் பேசினேன்.

"அம்மாவுக்கு என்ன குறை, ஆன்ட்டி? எல்லாம் வீட்டுக்கே வருதே."

"குறையே இல்லப்பா. அந்தச் செடிக்கும்தான் ஒரு குறையும் இல்ல."

சிரித்தான். தனம் சிரிக்கவில்லை. "வுடு கான்வென்ட்டு. டைமர் வெச்சவன்கிட்ட என்னாத்துக்குப் பேசறே?"

சந்தைக்கு அவள் போகவே இல்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு, சரியான ரத்த அழுத்தம், துவைத்த விரிப்பு. கடைசிவரை அதே அறை. இதைத்தான் அமைதி என்று எழுதுகிறார்கள். நீங்களும் கை கூப்புகிறீர்கள்.

தொட்டியை நான் கேட்டு வாங்கிவந்தேன். மேற்கு வெயில் அடிக்கும் என் பால்கனியில் இருக்கிறது. இலை உதிர்கிறது. "ஆன்ட்டி, ஜாட் சூக் ரஹா ஹை" என்கிறாள் பக்கத்து வீட்டுப் பெண், செடி காய்கிறதாம். காயட்டும். மண் வெடிக்கும்வரை ஒரு குவளைகூட ஊற்ற மாட்டேன்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை அந்தத் தொட்டியும் ஒரு சொல்லும். போன வாரம் என் மகள் தொலைபேசியில், "தனியா இருக்கியேம்மா, உனக்கும் ஒரு ஆள் போடறேன்" என்றாள். "போதும்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை கட்கிக்கு பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை, நின்றுகொண்டே போனேன். கடைக்காரர் முற்றிய கத்திரிக்காயை அடியில் போட்டு நிறுக்கப் பார்த்தார். தனம் விட்டிருக்க மாட்டாள். நானும் விடவில்லை.