ஏரியில் இல்லாத மீன்

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில், எங்கள் ஊர்ப் பக்கத்தில், "தொழிற்சாலைகள் வந்தபின் ஏரியில் மீனே இல்லை" என்று எழுதினேன். ஷிப்ட் முடிந்து வந்த எரிச்சல். ஏரிப் பக்கம் போயே பல வருஷமாகியிருந்தது.

ஒருவர் உடனே நீக்கினார். "ஆதாரம் இல்லை, நடுநிலையும் இல்லை" என்றார். சேர்த்தேன், மறுபடி நீக்கினார். ஆத்திரத்தில், சுங்குவார்சத்திரத்தில் நிருபராக இருக்கும் நண்பனிடம் புலம்பினேன். அவனும் ஏரியை எட்டிப் பார்க்காமல், நான் சொன்னதையே செய்தியாகப் போட்டான். அதை ஆதாரமாகக் காட்டியதும் என் வரி நின்றது. ஜெயித்துவிட்டதாகத் துள்ளினேன்.

மழைக்குப் பிறகு, ஏரியில் வலைபோடும் எதிர்வீட்டு அண்ணன் கூடை நிறைய மீனோடு திரும்பி வந்தார்.

"படப்பை சந்தைல ஒருத்தனும் வாங்கல தம்பி. உங்க ஏரில மீனே இல்லன்னு நெட்ல போட்டுகீது, இத்த எங்க புடிச்சேன்னு கேக்கறானுங்க. எவன் எழுதனானோ!"

உள்ளே போய் அந்த வரியை அழித்தேன். கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வந்தது. முன்பு அதை நீக்கிய அதே ஆள்தான் சேர்த்திருந்தார். "மீனை என் கண்ணால் பார்த்தேன் சார்" என்று கெஞ்சினேன்.

"நீங்கள் பார்த்தது ஆதாரமாகாது. செய்தித்தாளில் வந்திருக்கிறது" என்றார்.

விற்காத மீனில் பாதியை அண்ணன் எங்களுக்கே கொடுத்தார். அன்றிரவு எங்கள் வீட்டில் மீன் குழம்பு.

அந்த வரி இன்றும் அங்கேதான் இருக்கிறது, ஆதாரத்தோடு.