இறந்தவரின் நம்பரிலிருந்து வந்த மழைச் செய்தி

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். நவம்பர் மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த காலம். மாத்தளை டவுனில் எங்கள் வீட்டு மேல்மாடியில் ஒரு சின்ன அறை உண்டு. அதுதான் என் ஒஃபிஸ். கொழும்பில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே சொஃப்ட்வெயார் எழுதுகிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ பெரிய வேலை. உள்ளே இருப்பது இவ்வளவுதான்: காலையில் மீட்டிங், பகல் முழுக்க யாரோ செய்த பிழையைத் தேடுவது, பின்னேரம் அந்த யாரோ நானேதான் என்று கண்டுபிடிப்பது.

கம்பெனி வேலைக்கு வெளியே இன்னொரு வேலையும் செய்து கொடுத்திருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியர், மலைப் பக்கம் இருக்கும் முப்பது பேர் வரை சேர்த்து அவர்களிடம் மழைமானி கொடுத்து வைத்திருந்தார். கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு அதில் எத்தனை மில்லிமீற்றர் தண்ணீர் இருக்கிறதென்று பார்த்து மெசேஜ் அனுப்புவார்கள். அதையெல்லாம் வாங்கிக் கூட்டி, ஒரு அளவைத் தாண்டினால் அந்த இடத்து ஆட்களுக்கு "மண்சரிவு ஆபத்து, வெளியேறுங்கள்" என்று செய்தி அனுப்பும் புரோகிராமை நான்தான் எழுதினேன். யார் மெசேஜ் அனுப்பினாலும் அவருக்கு உடனே ஒரு பதிலும் போகும். "நன்றி. உங்கள் பதிவு கிடைத்தது." மழையில் நனைந்து அளந்து அனுப்புகிற மனிதருக்கு ஒரு வார்த்தை நன்றி போகட்டுமே என்று நானாக நினைத்துச் சேர்த்தது அது.

ஒக்டோபர் கடைசியில் அந்த ஆசிரியர் போனில் கோல் எடுத்தார். ரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து அளவு அனுப்பிக்கொண்டிருந்த பெரியவர் காலமாகிவிட்டாராம். தேயிலை ஸ்டோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறாதவர். நான் பட்டியலில் அவருடைய பெயரைத் தேடி "செயலில் இல்லை" என்று குறித்தேன். ஒரு நிமிஷ வேலை. திரும்பவும் மீட்டிங்குக்குப் போய்விட்டேன்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏதோ இரண்டு ஊர்களின் அளவு இரட்டிப்பாகக் காட்டுகிறது என்று ஆசிரியர் சொல்லியிருந்ததால், காலையில் பிளேன்டீயோடு உட்கார்ந்து, புரோகிராம் தன் பாட்டில் எழுதி வைக்கும் குறிப்பேட்டைத் திறந்தேன். அதில் "ஏற்கப்படாதவை" என்று ஒரு பகுதி இருக்கும். வழக்கமாக அங்கே விளம்பரமும் நம்பர் மாறி வந்த மெசேஜும்தான் கிடக்கும்.

அங்கே அந்தப் பெரியவரின் பெயர் இருந்தது. நேரம் அன்று காலை ஏழு இரண்டு.

பழைய பதிவாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்கு முந்தின நாள், ஏழு ஒன்று. அதற்கு முந்தின நாள், ஆறு ஐம்பத்தெட்டு. மேலே போகப் போக அவர் பெயரே வந்தது. பத்தொன்பது நாள், ஒரு நாள் விடாமல். அவரை அடக்கம் செய்த அடுத்த நாள் காலையிலிருந்து தொடங்கியிருந்தது.

என் புரோகிராம் மெசேஜில் உள்ள இலக்கத்தை மட்டும்தான் எடுக்கும், சொற்களை விட்டுவிடும். ஆனால் குறிப்பேட்டில் முழு மெசேஜும் இருக்கும். இங்கிலீஷ் எழுத்தில் தட்டிய தமிழ். எழுத்துக் கூட்டி, வாய்விட்டுத்தான் வாசிக்க முடிந்தது.

"41. ஊத்துத் தண்ணி கலங்கி வருது."

"22. நாயெல்லாம் கீழ போயிருச்சு."

"63. கதவு சாத்த முடியல."

"70. தரைக்கு அடியில சத்தம்."

அன்று காலை வந்தது: "88. ஊத்து நின்னுருச்சு."

கதவு சாத்த முடியவில்லை என்று வாசித்ததும் என்னை அறியாமல் எனக்குப் பின்னால் இருந்த கதவைத் திரும்பிப் பார்த்தேன். அது சாத்தித்தான் இருந்தது. மண்ணுக்குள் படுத்திருக்கும் ஒருவர் எழுதினால் இப்படித்தான் எழுதுவாரோ என்று ஒரு நினைப்பு வந்தது. தண்ணீர், கதவு, அடியில் சத்தம். பகல் வெளிச்சத்தில், கீழே உம்மாவின் றேடியோ சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கை மயிரெல்லாம் எழும்பி நின்றது.

அந்த நம்பருக்கு எடுத்தேன். தொடர்புகொள்ள முடியாது என்றது. இரண்டாம் முறையும் அதேதான். ஆசிரியருக்கு எடுத்தேன். அவர், தானே மரணவீட்டுக்குப் போய்ப் பிடி மண் போட்டதாகவும், சிம் யார் கையிலோ மாட்டி யாரோ விளையாடுகிறார்கள் என்றும், அந்த நம்பரைத் தடுத்துவிடும்படியும் சொன்னார்.

தடுக்கத்தான் போனேன். ஆனால் பிழை தேடியே பழகிய புத்தி சும்மா இருக்காதே. அந்த இலக்கங்களைப் பெரியவர் உயிரோடிருந்தபோது அனுப்பிய பழைய அளவுகளோடு வைத்துப் பார்த்தேன். கிழக்கிலிருந்து காற்று வரும் நாட்களில் அந்த இடத்தில் மட்டும் பக்கத்து ஊர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் மழை விழும். புதிய அளவுகளும் அப்படியே இருந்தன. விளையாடுகிறவனுக்கு அது தெரியாது. யாரோ உண்மையாகவே அந்தக் குழாயைப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

நான் ஒதுக்கிய அளவுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். வெளியேறச் சொல்லும் எல்லையை அந்த இடம் நாலு நாளைக்கு முன்பே தாண்டியிருந்தது.

திரும்ப ஆசிரியருக்கு எடுத்துச் சொன்னேன். அந்த ஊருக்குப் பொறுப்பான அரசு ஆள், கிராம சேவகரைப் பிடிக்கப் பார்க்கிறேன் என்றார். பெரியவரின் நம்பரும் திரும்பக் கிடைக்கவில்லை. எனக்கு இருக்க முடியவில்லை. பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு, த்ரீவீல் ஓட்டும் என் அண்ணன், மூத்த நானாவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். மௌத்தான மனிதர் மெசேஜ் போட்டார் என்று மழைக்குள்ளே மலையேறுகிற முதல் ஆள் நீதான் என்று ரத்தோட்டை வரை சொல்லிக்கொண்டு வந்தார் நானா. அதற்கு மேலே போகப் போக அவருடைய பேச்சு நின்று, வாய்க்குள் ஏதோ ஓத ஆரம்பித்துவிட்டார்.

ஒரு வளைவில் பாதையில் மண் இறங்கிக் கிடந்தது. அங்கிருந்து நடந்தோம். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குள் வெளி ஆள் கால் வைத்தால் முதலில் நாய்தான் கேட்கும். அன்று ஒரு நாயும் குரைக்கவில்லை. பனிக்குள்ளிருந்து லயம் மெதுவாகத் தெரிந்தது. இரண்டு வரிசை, வரிசைக்கு ஒற்றை அறை வீடாக ஆறு காம்பரா. பன்னிரண்டு கதவும் அரைகுறையாகத் திறந்தே கிடந்தன. ஒரு கதவில் கல் முட்டுக் கொடுத்திருந்தது. ஒன்றில் சாக்கு தொங்கியது. ஆள் நடமாட்டம் இல்லை.

அப்போது லயத்துக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. ஆம்பிளை மழைக்கோட்டு, முகத்தை மூடிய தொப்பி, மழைமானிக் குழாய்ப் பக்கம் குனிந்தபடி. நானா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த உருவம் நிமிர்ந்து தொப்பியைப் பின்னால் தள்ளியது. ஒரு பெண். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது இருக்கும். பெரியவரின் மகள். கொழுந்து பறிக்கிறவள். அப்பாவின் கோட்டைத்தான் போட்டிருந்தாள்.

நான் யாரென்று சொன்னதும் அவள் முகம் தெளிந்தது.

"மெசேஜ் பார்த்துட்டுத்தானே வந்தீங்க மிஸ்? வருவீங்கன்னு தெரியும்."

அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் காலையில் ஏழு மணியானதும் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லையாம். போய்க் குழாயைப் பார்த்து, அப்பாவுடைய போனில் அனுப்பியிருக்கிறாள். லயத்தில் சிக்னல் இல்லை. மேலே ஒரு பாறையில் ஏறி நின்றால்தான் மெசேஜ் போகும். அப்பாவின் பெயரை நான் எடுத்துவிட்டதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. தரைக்கு அடியில் சத்தம் கேட்ட அன்று பயந்து, மெசேஜ் அனுப்பும் நம்பருக்கு எடுத்தும் பார்த்திருக்கிறாள். அது மெஷின் நம்பர். யார் எடுப்பது?

லயத்துக்குப் பின்னால் கூட்டிப் போய்க் காட்டினாள். மண்ணில் நீளமாக ஒரு வெடிப்பு, ஒரு கை நுழையும் அகலம். இரண்டு பக்கமும் குச்சி நட்டிருந்தாள். நட்டபோது குச்சிகள் ஒட்டிக்கொண்டு நின்றனவாம். தரை நகர்ந்து நிலையெல்லாம் கோணிப்போனதால்தான் ஒரு கதவையும் சாத்த முடியவில்லையாம். வருடம் முழுக்க ஓடும் ஊற்று, இத்தனை மழையில் காய்ந்து கிடந்தது. நான் வெடிப்புக்குப் பக்கத்தில் நின்றேன். காதால் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் காலுக்கடியில் ஏதோ மெதுவாக உறுமுவது முழங்கால் வரை ஏறியது.

இவ்வளவும் தெரிந்து ஏன் போகவில்லை என்று கேட்டேன். புதன்கிழமையே சிலர் மூட்டை கட்டினார்களாம். இவள்தான் நிறுத்தினாளாம்.

"ஆபத்துன்னா அங்கேயிருந்து மெசேஜ் வரும்னு அப்பா சொல்லுவாரு. நான் அனுப்புறதுக்கெல்லாம் நன்றி, கிடைச்சதுன்னு பதில் வருதில்ல? பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க, பயப்படாதீங்கன்னு நான்தான் எல்லாரையும் இருக்க வச்சேன்."

நானா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. ஆபத்துச் செய்தி இப்போது வந்துவிட்டது, கிளம்புங்கள் என்று சொன்னால் போதும். யாருக்கும் ஒன்றும் தெரிய வராது. சொல்லவும் வாயைத் திறந்தேன். ஆனால் அவள் அந்த போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பொய் வரவில்லை. அப்பாவின் பெயரை எடுத்துவிட்டேன், நீங்கள் அனுப்பிய ஒன்றையும் யாரும் பார்க்கவில்லை, இன்று காலையில்தான் தற்செயலாகக் கண்டேன் என்று சொன்னேன்.

அவள் போனைத் திறந்து, வந்திருந்த பதில்களைப் பார்த்தாள்.

"அப்ப அந்த நன்றிய யாரு சொன்னது?"

"யாரும் இல்ல. நான் ஒரு தடவ எழுதி வச்சது. தானா போகும்."

அவள் ஏசவில்லை, அழவும் இல்லை. போனைக் கோட்டுக்குள் போட்டுவிட்டு நேரே போய் முதல் கதவைத் தட்டினாள். உள்ளே அடுப்பைச் சுற்றிக் குளிருக்குச் சுருண்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். "நான் சொன்னது தப்பு. ஒருத்தரும் பார்க்கல. இப்பவே கிளம்புங்க" என்று பன்னிரண்டு காம்பராவுக்கும் அவளே சொன்னாள். அவள் வாயால் அதைச் சொல்ல வைத்தது நான். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரத்துக்குள் எல்லோரும் எதிர்ப் பக்க மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். நடக்க முடியாத ஒருவரை நானா முதுகில் தூக்கிக்கொண்டு போனார். பின்னேரம் கிராம சேவகர் வந்து யாரையும் லயத்துக்குத் திரும்ப விடவேண்டாம் என்று சொன்ன பிறகுதான் நாங்கள் இறங்கினோம்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. காலை மீட்டிங்கில் எல்லோரும் கேட்பது போல வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். ஒரு சின்னப் பிழையைத் திருத்தினேன் என்றேன். அதைச் சொல்லி அரை மணி நேரம்கூட இருக்காது, அவளிடமிருந்து கோல் வந்தது. மேல் வரிசை லயம் போய்விட்டதாம். ஆறு காம்பராவும். முதலில் சத்தமே வரவில்லையாம். பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, "மரமெல்லாம் நின்னபடியே கீழ நடந்து போச்சு மிஸ்" என்றாள். அதற்குப் பிறகுதான் மலை இடிகிற சத்தம் வந்ததாம். ஆட்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மீட்டிங்கை மூடிவிட்டுப் புரோகிராமைத் திறந்தேன்.

புரோகிராமைத் திருத்த ஐந்து நிமிஷம்தான் ஆனது. பட்டியலில் இல்லாத நம்பரிலிருந்து வந்தால் இப்போது நன்றி போகாது. எனக்கும் ஆசிரியருக்கும் மெசேஜ் முழுதாக வரும், நாங்கள் திரும்பக் கோல் எடுத்துக் கதைப்போம். மாதம் ஒன்று கழித்து அவர்களுக்குக் கொடுத்திருந்த தற்காலிக வீட்டுக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தாள், புது மழைமானியை எங்கே வைத்தால் மரத்துச் சொட்டு விழாது என்று கேட்டாள். இருவருமாக இடம் பார்த்து நட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பயந்தது செத்துப்போன ஒரு மனிதரை நினைத்து. இன்று எனக்கு உடம்பு குளிர்வது, உயிரோடிருந்த ஒரு பெண் பத்தொன்பது நாள் பாறை மேல் ஏறி நின்று, அந்தப் பக்கம் ஆளே இல்லாத ஓரிடத்தோடு நம்பிக் கதைத்துக்கொண்டிருந்தாள் என்பதை நினைக்கும்போதுதான்.