காவைச் சுற்றி ஒரு வயர்

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு மலை இறங்கி, திருவனந்தபுரத்தில் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்தேன். பள்ளத்தில் வீடு. சிக்னல் குறைவு; போனில் பேச்சு வரும், முகம் வராது. பின்பக்கம் நாகர் காவு, பாம்புகளுக்கென்று வெட்டாமல் விட்ட சிறு காடு. நாலைந்து பெரிய மரம், கொடி, உள்ளே பாசி பிடித்த நாகர் கல். பகலிலும் அங்கே பச்சையாக ஒரு இருட்டு.

என் வீட்டுக்காரி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓய்வு. அன்றைக்குப் போனில் வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தாள், திரும்பி வருவதா, இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருப்பதா என்று. அதற்காகத்தான் நெட் போட ஆள் கூப்பிட்டேன்.

வியாழக்கிழமை அந்த ஆள் வந்தான். போஸ்ட்டிலிருந்து காவுக்கு மேலே வயரை இழுக்கப் பார்த்தான். பக்கத்து வீட்டம்மா, நாஞ்சில் நாட்டுக்காரி, மதிலோரம் வந்தாள்.

"காவுக்கு மேல வேண்டா, கேட்டோ. சுத்திக் கொண்டு போ."

"சுத்தினா வயர் தெகையாது சேச்சி. திங்களாழ்ச்ச வரட்டே?"

"வண்டியில சுருட்டி வச்சிருக்கியே, அது என்ன, முறுக்கா?"

"அது வேற வீட்டுக்கு உள்ளது."

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்திருந்தால் மேலேயே இழுத்திருப்பான். மலையிலும் சில மரத்தடியில் நாங்கள் செருப்போடு போக மாட்டோம்.

"சுத்தியே போடுங்க. திங்கக்கிழமை வாங்க," என்றேன். போய்விட்டான்.

"என்ன அண்ணாச்சி, முகம் வாடிப்போச்சு?" என்றாள் அந்த அம்மா. விஷயத்தைச் சொன்னேன்.

"இத முதல்லயே சொல்லண்டாமா? வாயில என்ன, பாக்கா? நாளைக்கு எங்க வைஃபையில பேசுங்க. காவு வரைக்கும் கிட்டும்."

பாஸ்வேர்டை அவளே என் போனில் போட்டுத் தந்தாள்.

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. காவோரம் நின்று கூப்பிட்டேன். முகம் வந்தது. மெலிந்திருந்தாள். வீட்டுப் பக்கம் கால் வைத்தால் படம் உறைந்தது. அதனால் போனைத் திருப்பிக் காவைக் காட்டினேன். இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. கொடிகளுக்கு நடுவே வெயில் புகைபோல இறங்கியது. அவள் அறையில் ஏசி ஓடும் சத்தம் மட்டும் வந்தது. தூக்கத்தில் யாரோ பக்கத்தில் வந்து நிற்பதுபோல இருந்தது. அசைந்தால் போய்விடுவாளோ என்று அப்படியே நின்றேன்.

"அங்க குளிருதா?"

"லேசா."

"தவளை கத்துது."

"ஆமா."

மூக்கை உறிஞ்சினாள். "வந்திடுதேன். மேடத்துக்கிட்ட இன்னைக்கே சொல்லிடுதேன்."

நான் தலையாட்டினேன். போன் காவைப் பார்த்திருந்ததால் அவளுக்குத் தெரிந்திருக்காது.

"வீட்டக் காட்டவே இல்லியே," என்றாள்.

"வந்து பாரு," என்றேன்.