ஏழாம் எண் பஸ்ஸுக்கு எடுத்த அளவு

பதினேழு வருடம் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளியவளுக்குப் பஸ் ஓட்டுவது அப்படியொன்றும் புது வேலை இல்லை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்கள் அந்தப் பழைய கட்டடத்து லிஃப்டுக்குள் ஒரு ஸ்ட்ரெச்சரையும், அதில் படுத்திருக்கும் ஆளையும், அவருக்கு ஏறிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் பாட்டிலையும், கூடவே அழுதுகொண்டு வரும் இரண்டு சொந்தக்காரர்களையும் ஏற்றித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும். டிப்போ மைதானத்தில் பஸ்ஸைப் பின்னால் எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நிறுத்தச் சொன்னபோது, கூடப் பயிற்சிக்கு வந்திருந்த பதினொரு ஆண்களில் எட்டுப் பேர் கம்பத்தைச் சாய்த்தார்கள். அவள் முதல் தடவையே நிறுத்திவிட்டு, "போதுமா, இன்னும் கொஞ்சம் உள்ள போகணுமா?" என்று கேட்டாள்.

ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலையை ஆஸ்பத்திரி ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டது. கம்பெனிக்கு இருபது வயதுப் பிள்ளைகள்தான் வேண்டுமாம். நாற்பத்திரண்டு வயதில் ஒரு திங்கட்கிழமை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போகிற வழியில், பஸ் ஸ்டாப் கம்பத்தில் ஒட்டியிருந்த காகிதத்தை அவள் மூன்று தடவை படித்தாள். 'டிரைவர்கள் தேவை. எந்த வேலையிலிருந்தும் வரலாம். ஓட்டக் கற்றுத் தருகிறோம். ஆண், பெண் இருவரும்.'

அவள் கணவர் முடி திருத்துகிறவர். வாடிக்கையாளர் தலையைப் பிடித்துக்கொண்டே ஊர் நியாயம் பேசிப் பழகியவர் என்பதால் யோசிக்கவே இல்லை.

"இத்தனை நாள் ஆளைப் படுக்க வச்சுத் தள்ளின. இனிமே உக்கார வச்சுத் தள்ளப் போற. அவ்வளவுதானே?" என்றார்.

அத்தோடு நிற்காமல் மறுநாளிலிருந்து காலைச் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவர் சமையலைப் பற்றி இங்கே பேச வேண்டாம். நன்றி கெட்ட பேச்சாகிவிடும்.

டிப்போவுக்குள் போய்ப் பார்த்தால், பஸ்ஸுக்கென்றே பிறந்தவர் ஒருவர்கூட இல்லை. அவள் வண்டிக் கண்டக்டர் மீன் ஏலம் விட்டவர். ஒவ்வொரு ஸ்டாப் பெயரையும் மூன்று தடவை கூவாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மேனேஜர் கால்பந்து ஆட்டத்தில் நடுவராக இருந்தவர். மேஜை மேல் இன்னும் விசில் கிடக்கும். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று டைம்டேபிள் போடுகிறவர் டெய்லர். பத்து வருடத்துக்கு முன்னால் ரெடிமேடு சட்டைகள் அவர் கடையை மூட வைத்தன. கடை போனாலும் கழுத்தில் தொங்கும் டேப் போகவில்லை. எல்லாரும் அவரை டெய்லர் என்றே கூப்பிட்டார்கள். டிப்போ ஆட்களின் யூனிஃபார்முக்கும் அவர்தான் அளவெடுப்பார்.

ஆனால் அளவெடுத்த யூனிஃபார்ம் வேலை நிரந்தரமானவர்களுக்கு மட்டும்தான். அவளுக்கு முதல் ஆறு மாதம் பரிசோதனைக் காலம். அதுவரை ஸ்டோர் ரூமிலிருந்து இரவல் சட்டை, இரவல் பேன்ட். முன்பு போட்டிருந்த மகராசன் அவளைப் போல் இரண்டு மடங்கு இருந்திருக்க வேண்டும். கையை நாலு மடிப்பு மடித்து, இடுப்பில் ஊக்கு குத்தி, அவள் ஸ்டீயரிங் பிடித்தாள்.

நிரந்தரமாவதற்கு ஒரே ஒரு நிபந்தனை. ரயில் நிலையத்திலிருந்து மலையடிவரை அவள் ஓட்டும் ஏழாம் எண் வண்டி ஐம்பத்திரண்டு நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். அதற்கு மேல் ஐந்து நிமிடம் பொறுப்பார்கள். அதையும் தாண்டினால் அன்றைய தேதிக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு கோடு விழும். ஆறு மாதத்தில் முப்பது கோடு விழுந்தால், வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஐந்து மாதம் முடிந்தபோது அவளுக்கு இருபத்தேழு கோடு.

காரணம் அவளுக்கே தெரியும். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படுத்திருப்பவர் கை கம்பிக்கு உள்ளே இருக்கிறதா என்று பார்க்காமல் சக்கரத்தை நகர்த்த மாட்டார்கள். வெளியே தொங்கும் கை கதவில் இடிபட்டால் அந்தச் சத்தம் ஜென்மத்துக்கும் காதை விட்டுப் போகாது. அந்தப் பழக்கம் அவளோடு பஸ்ஸிலும் ஏறிக்கொண்டது. கடைசியாக ஏறியவர் உட்காரும்வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு, "கை உள்ள இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளட்ச்சிலிருந்து காலை எடுப்பாள். முதலில் சிரித்தவர்கள் இப்போது கேட்பதற்கு முன்பே கையை இழுத்துக்கொண்டார்கள். குண்டு குழி வந்தால் வண்டியை அதில் மெல்ல இறக்கி மெல்ல ஏற்றுவாள். மற்ற டிரைவர்கள் நேரத்துக்குப் போனார்கள் என்றால், பயணி ஒரு காலைப் படியில் வைத்திருக்கும்போதே வண்டியை நகர்த்தி விட்டுத்தான் போனார்கள்.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க வண்டியில ஒருத்தரும் விழல, ஒரு புகாரும் இல்ல. எனக்கு உங்களை அனுப்ப மனசே இல்ல. ஆனா கோடு கோடுதானே? நாளைக்கு டெய்லரை உங்க வண்டியில அனுப்புறேன். எங்க நேரம் ஒழுகுதுன்னு பார்த்துச் சொல்லட்டும்."

ஆஸ்பத்திரியில் அவள் இடத்தில் வேறு ஆள் வந்தாயிற்று. திரும்பிப் போக ஒரு கதவு இல்லை. அதைவிட, இந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் தள்ளியவர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். இவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். இறங்கும்போது "வரேம்மா" என்கிறார்கள்.

மறுநாள் காலை டெய்லர் நோட்டும் ஸ்டாப்வாட்ச்சுமாக வந்து அவள் சீட்டுக்குப் பின்னால் நின்றார். கழுத்தில் டேப். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மற்றவர்களைப் போல ஓட்டினாள். யாரையும் கண்ணாடியில் பார்க்கவில்லை. கை உள்ளே இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஒன்பதாவது ஸ்டாப்பில் நேரம் விநாடி பிசகாமல் இருந்தது. கண்டக்டரே கூவ மறந்து அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

பத்தாவது ஸ்டாப் கண் ஆஸ்பத்திரி. ஒரு கண்ணில் கட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் ஏறினார். அவர் கம்பியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் வண்டியை எடுத்துவிட்டாள். பெரியவர் தடுமாறிக் கண்டக்டர் மடியில் உட்கார்ந்தார். அடி இல்லை. ஆனால் கையிலிருந்த மருந்து டப்பா திறந்துகொண்டு மாத்திரைகள் பஸ் முழுக்க உருண்டன.

அவள் வண்டியை ஓரங்கட்டினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி வந்து, சீட்டுக்கு அடியில் தவழ்ந்து, மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வெள்ளை பதினான்கு, மஞ்சள் ஏழு என்று பெரியவரே சொன்னார். மஞ்சளில் ஒன்று குறைந்தது. டெய்லர் ஸ்டாப்வாட்ச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மண்டியிட்டுத் தேடினார். அவர் டேப்பின் நுனிக்குப் பக்கத்தில்தான் அது கிடந்தது.

"மன்னிச்சிடுங்கய்யா," என்றாள் அவள்.

"பரவாயில்லம்மா. உன் வண்டின்னுதான் காத்திருந்து ஏறினேன்," என்றார் பெரியவர்.

அதற்குப் பதிலாக அவர் திட்டியிருக்கலாம். மலையடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு நிமிடம் தாமதம். இருபத்தெட்டாவது கோடு.

டெய்லர் இரண்டு காபி வாங்கிக்கொண்டு வந்தார். நோட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அக்கா, தினமும் இப்படித்தான் ஓட்டுவீங்களா?"

"இல்ல தம்பி. நீங்க அளவெடுக்க வந்து நிக்கிறீங்களேன்னு ஓட்டினேன்."

டெய்லர் காபியை உதட்டுக்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். பிறகு தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டார்.

"அளவெடுக்கும்போது எல்லாரும் வயித்தை எக்கிக்குவாங்கக்கா. ஒல்லியா தெரியணும்னு ஆசை. அந்த அளவுல தைச்சா, போட்டுட்டு உக்காந்ததும் பட்டன் தெறிக்கும். அதனால டெய்லர் சும்மா பேச்சுக் கொடுப்பான். வீட்டுல எல்லாரும் சௌக்கியமா, பொண்ணு என்ன படிக்குதுன்னு. பேசப் பேச மூச்சு தன்னால இறங்கும். அப்பதான் நம்பரை எழுதணும். கடையில நான் முதல் வாரம் கத்துக்கிட்டது இது."

"சரி, அதுக்கென்ன இப்ப?"

"ஒன்பது வருஷத்துக்கு முன்னால ஏழாம் நம்பருக்கு அளவெடுக்கப் போனேன். ராக்கெட் அண்ணன்னு ஒருத்தர், இப்ப ரிட்டயர் ஆயிட்டார், அவர்தான் ஓட்டினாரு. நானும் இதே மாதிரி நோட்டும் கையுமா பின்னால நின்னேன். ஐம்பத்திரண்டு நிமிஷத்துல போயிட்டாரு. அதையே எழுதிட்டேன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. "அவரும் எக்கிக்கிட்டாரு," என்றாள்.

"ஆமாக்கா. ஒன்பது வருஷமா இந்த லைன்ல எல்லாருமே எக்கிக்கிட்டுத்தான் ஓட்டுறாங்க."

அந்த வாரம் முழுக்க டெய்லர் ஏழாம் எண்ணில்தான் வந்தார். அவள் வண்டியில் ஒரு நடை, மற்றவர்கள் வண்டியில் ஒரு நடை. நோட்டைத் திறக்கவில்லை, வெறும் பேச்சுத்தான். அவள் கணவரின் சமையலைப் பற்றிக் கேட்டார். அது ஒன்றே மூன்று நாளைக்கு வந்தது. நாலாம் நாள் அவர் இருப்பதையே அவள் மறந்துபோய், "கை உள்ள இருக்கா?" என்று கேட்டு வண்டியை எடுத்தபோதுதான் அவர் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினார். ஐம்பத்தேழு நிமிடம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவளிடம் கேள்வி கேட்டார். "பாலத்துக்கு மேல ஸ்டாப்பும் இல்ல, குழியும் இல்ல, எல்லாரும் உக்காந்தாச்சு. அங்கயும் ஏன்கா இப்படி உருட்டுறீங்க? ஆஸ்பத்திரியில எப்பவுமே இந்த வேகம்தானா?"

"காலி ஸ்ட்ரெச்சர்னா ஓடுவோம்," என்று சொன்னவள், சொல்லி முடித்ததும் தானே சிரித்துவிட்டாள். அடுத்த நடையில் பாலத்தில் ஒரு நிமிடம் மிச்சமானது.

டெய்லர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய டைம்டேபிள் இருக்கும். ஏழாம் எண்ணுக்கு அவர் போட்டது, அவருடைய முதல் டைம்டேபிள். அதைப் பார்த்துத்தான் மேனேஜர் அவரை நிரந்தரமாக்கினார். வருகிறவர்கள் எல்லாருக்கும் அதைக் காட்டாமல் விடமாட்டார். சனிக்கிழமை அவர் கண்ணாடியைத் தூக்கி, அந்தக் காகிதத்தை உருவி எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். அவளையும் வரச் சொன்னார்.

"சார், இது தப்பு," என்றார் டெய்லர். "அளவு எடுத்தது நான். தப்பு என் பேர்லதான்."

மேனேஜர் காகிதத்தைப் பார்த்தார். "இதைப் பார்த்துத்தானே உங்களை நிரந்தரமாக்கினேன்?"

"அதனாலதான் சார் சொல்ல நாக்கு எழல. அக்கா வரலைன்னா இது கண்ணாடிக்கு அடியிலயே இருந்திருக்கும்."

வயிற்றை எக்கும் கதையை அவர் முழுக்கச் சொன்னார். சரியான அளவு ஐம்பத்தாறு நிமிடம் என்றார். மேனேஜர் விசிலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"ஐம்பத்தாறுன்னு வச்சு அதே அஞ்சு நிமிஷம் பொறுத்தா, இந்தம்மாவுக்கு எத்தனை கோடு நிக்கும்?"

"மூணு சார். அதுல ஒண்ணு மாத்திரை பொறுக்கின நாள்."

"அப்ப ரெண்டுன்னு சொல்லுங்க." மேனேஜர் விசிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "ஆட்டம் முடிஞ்சப்புறம் தப்பா ஊதிட்டேன்னு தெரிஞ்சு நான் தூங்காம கிடந்திருக்கேன், டெய்லர். திருத்த ஒரு வழியும் இருக்காது. உங்களுக்கு இருக்கு. புதுசு போட்டுக் கொண்டாங்க." அவள் நியமனத் தாளிலும் அப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் அவள் டெய்லரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு மனிதன் தன் மேஜையில் பெருமையாக வைத்திருந்த ஒரே பொருளைத் தானே உருவிக்கொண்டு வந்து தப்பு என்று சொல்லியிருக்கிறான். அதுவும் யாரோ ஒரு ஸ்ட்ரெச்சர்காரிக்காக. "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல தம்பி," என்றாள்.

"முதல்ல அந்த ஊக்கையெல்லாம் கழட்டுங்க. பார்க்கவே பயமா இருக்கு," என்றார் டெய்லர்.

ஸ்டோர் ரூமில் அவளை நிற்கவைத்துக் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார். தோள், கை, நீளம் எல்லாம் நோட்டில் ஏறின. டேப் இடுப்பைச் சுற்றி வந்தபோது அவளை அறியாமல் வயிறு உள்ளே போனது. டெய்லர் அதைப் பார்த்தார். டேப்பைத் தளர்வாகப் பிடித்தபடி பேச்சுக் கொடுத்தார்.

"வீட்டுல அண்ணனுக்குச் சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல. போய் நேர்ல சொல்லணும்."

"கேட்டா என்ன சொல்லுவாரு?"

"இன்னிக்கு ராத்திரியும் தானே சமைக்கிறேன்னு சொல்லுவாரு. அதை நினைச்சாத்தான்..." என்று ஆரம்பித்தவள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க, ஐந்து மாதமாக உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு மெல்ல வெளியே வந்தது.

டெய்லர் எண்ணைக் குறித்துக்கொண்டார்.