நாகமணியின் இறக்கை வைத்த கார்

அமெரிக்காவில், சன்னிவேலில் எங்கள் அபார்ட்மெண்டில் இருபது தமிழர் கார்கள் நின்றன. எல்லாம் சாம்பல் அல்லது வெளிர் பழுப்பு. விற்கும்போது நல்ல விலைக்குப் போக வேண்டுமே என்று வாங்கும்போதே கவலைப்படுகிற கூட்டம் நாங்கள். அவற்றுக்கு நடுவில் நின்றது நாகமணியின் மஞ்சள் சிவிக்.

பின்னால் பெஞ்சு மாதிரி உயர்ந்த இறக்கை. டால்டா டப்பா அகலத்துக்கு சைலன்சர். பானட்டில் காற்றே நுழையாத ஒரு காற்றுத் துளை, அதுவும் மேலே ஒட்டியது. கதவு முழுக்க, அந்தக் கார் ஒருநாளும் ஓடாத ரேஸ்களின் ஸ்டிக்கர்கள். என்ஜின் மட்டும் காய்கறி வாங்கப் போகிற சாதாரண என்ஜின். யாரோ காலேஜ் பையன் ஆசை ஆசையாகச் செய்து, அலுத்துப்போய் விற்றது. 1998-இல் அதை மலிவாக வாங்கிய அவள் கணவர் கருப்பசாமி, "கத்துக்கறதுக்குத்தானே, இடிச்சாலும் பரவால்ல" என்று அவளிடம் கொடுத்தார். அவர் ஓட்ட சாம்பல் நிறத்தில் ஒரு கேம்ரி கார் இருந்தது.

நாகமணிக்கு அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. "எங்க தாராபுரத்துல மினி பஸ்ஸே இதவிட அலங்காரமா ஓடுமுங்க்கா" என்றாள் என்னிடம். ஆயுத பூஜையன்று அந்த இறக்கைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பால்கனியில் நின்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தவள்தான், மறைப்பானேன்.

அவள் வந்தது கணவரைச் சார்ந்த விசாவில். வேலைக்குப் போக அது விடாது. லைசென்ஸும் இல்லாததால் ஒன்றரை வருஷமாக நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கருப்பசாமி பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தார், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு, பின் தெருக்களில் மட்டும்.

பழகியது சிவிக்கில். டெஸ்டுக்கு மட்டும், "ஆபீசர் முன்னாடி மரியாதையான வண்டியில போலாம்" என்று கேம்ரியில் கூட்டிப் போனார். அதன் நீளமும் தெரியாது, பிரேக்கின் அழுத்தமும் தெரியாது. முதல் தடவை பெயில். மறுபடியும் அதே கேம்ரி, அதே பெயில். பெண்ணுக்கு மரியாதை தேடித் தருகிற லட்சணம் இது! மூன்றாவதும் போனால் எழுத்துத் தேர்விலிருந்து எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது தடவை சிவிக் சாவியை எடுத்துக்கொண்டு அவளே முன்னால் இறங்கிப் போனாள். கருப்பசாமி படிக்கட்டு முழுக்கக் கெஞ்சிக்கொண்டு வந்தார்.

டெஸ்ட் எடுக்கும் இடத்தில் ஆபீசர் காரைச் சுற்றி வந்தார். ஹாரன் அடிக்கச் சொன்னார், பிரேக் விளக்கைப் பார்த்தார். பிறகு இறக்கையைத் தட்டி, "இது மறைக்குமே, பின்னால் எதுவும் தெரியாதே" என்றார் ஆங்கிலத்தில்.

"வேறு கார் இருக்கிறது சார், அடுத்த வாரம் அதில் வருகிறோம்" என்று கருப்பசாமி ஓடி வந்தார்.

ஸ்டியரிங் முன் உட்கார்ந்திருந்த நாகமணி திரும்பவே இல்லை. பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்து, தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்: "இறக்கைக்குக் கீழே வெள்ளை வேன். மேலே சிவப்புச் சட்டைக்காரர், கையில் காபி. இப்போது குனிகிறார்."

ஆபீசர் திரும்பிப் பார்த்தார். சிவப்புச் சட்டைக்காரர் காபியைத் தரையில் வைத்துவிட்டு ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஆபீசர் கதவைத் திறந்து ஏறினார்.

இருபது நிமிஷத்தில் பாஸ். இதை அவள் சொன்னபோது நான் கைதட்டிவிட்டேன்.

கருப்பசாமிக்கும் சந்தோஷம்தான். காரில் ஏறியதும் வாயெல்லாம் பல். "சரி, லைசென்ஸ் வந்தாச்சு. இந்த வாரமே இத வித்தறலாம். இப்ப பின்னாடி ரோட்டுலயே போ. எல் கமீனோ மெயின் ரோட்டுல லஞ்ச் டைம், ஆபீஸ் ஆளுங்க பூரா ஓட்டல் வாசல்ல நிப்பாங்க."

நாகமணி வண்டியை ஓரம் கட்டினாள்.

"வண்டி எங்கயும் போகாதுங்க. ஒன்றர வருஷமா நீங்க கூட்டிட்டுப் போன எடத்துக்கெல்லாம் வாயத் தொறக்காம வந்தேன். இன்னிக்கு நான் போற எடத்துக்கு நீங்க வாங்க. வெக்கமா இருந்தா எறங்கிக்குங்க, பஸ் வரும். இனி எனக்குப் பக்கத்துல ஆள் வேணும்னு சட்டம் இல்ல."

கருப்பசாமி கதவின் கைப்பிடியைத் தொட்டார். பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. கையை எடுத்துக்கொண்டு, சீட்டைப் பின்னுக்குச் சாய்த்து, வெளியே தெரியாதபடி மல்லாந்து படுத்துவிட்டார்.

அவள் இரண்டு பக்க ஜன்னல் கண்ணாடியையும் முழுதாக இறக்கிவிட்டு எல் கமீனோவில் திரும்பினாள்.